பெயர் இல்லாமல் வந்த திருத்தம்

பெண்கள் விசாரணைச் சிறை
பிப்ரவரி 9

அன்புத் தம்பி சோல்வேக்கு,

நான் நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். பிர்னோவில் பனி விட்டதா? மார்புச் சளியை வைத்துக்கொண்டு தலையில் தொப்பி இல்லாமல் டிராமுக்கு நிற்காதே.

சேதி உன் காதுக்கு வந்திருக்கும். சுரங்கத் தொழிலாளர் சங்கத்துக்காரர்களின் கைபேசிகளைப் போலீஸ் ஆய்வகம் ஒன்றில் திறந்து படிக்கிறார்கள் என்று டிசம்பரில் என் பத்திரிகையில் எழுதினேன் அல்லவா, அதற்கு ஜனவரியில் வந்து அழைத்துப்போனார்கள். ஓய்வுநாள் ஆராதனை முடிந்து வெளியே வருகிறேன், கையில் பாட்டுப் புத்தகம். பிடித்த அதிகாரி மரியாதைக்காரர்.

"உங்களுக்கு யாரு சொன்னா, அத மட்டும் சொல்லிட்டு வீட்டுக்குப் போங்கம்மா."

"எனக்கு மறதி ஜாஸ்தி ஐயா."

"அப்ப போனத் திறக்குற நம்பரச் சொல்லுங்க."

"அதுவும் மறந்துபோச்சு."

தம்பி, எனக்குச் சொன்னவர் ஒரே ஒரு மனிதர். அவர் பெயர் என் வாயிலிருந்து வராது. ஆனால் நாங்கள் பேசியதெல்லாம் அந்தக் கைபேசிக்குள் இருக்கிறது. அது திறந்தால் அவர் அகப்படுவார். அகப்பட்டால் பிழைக்க மாட்டார். அதனால்தான் தினமும் உன்னை நினைத்துக்கொள்கிறேன். கைபேசிக்குள், யுஎஸ்பியில் செருகும் ஒலிக்கருவிகளை இயக்கும் டிரைவர் நிரலைக் கவனித்துக்கொள்வது என் தம்பிதான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். நீ காவல் இருக்கிற கைபேசி, நீயே வாங்கி அனுப்பிய கைபேசி, திறக்காது என்று நம்பித்தான் தூங்குகிறேன்.

இன்னொன்று. போன செப்டம்பரில் நம் பக்கத்திலிருந்து ஒரு விருந்தாளி உன் வாசலுக்கு வந்திருப்பார். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாயா? அம்மா சொல்வது மறந்திருக்காது. வந்தவர் சாப்பிட்டுக் கைகழுவும்வரை பெயர் கேட்கக் கூடாது.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் வாசிக்கும் வார்டர் சியாம்விசா அம்மாவுக்கும் என் வணக்கம்.

உன் அக்கா,
முதிந்தா


பிர்னோ
பிப்ரவரி 25

என் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் சளி கிடக்கட்டும், உன் ரத்த அழுத்த மாத்திரை உள்ளே வருகிறதா? கம்பளி கொடுத்தார்களா? வக்கீல் வாரம் ஒருமுறையாவது வருகிறாரா?

கைபேசியைப் பற்றிக் கவலைப்படாதே. எண் தெரியாமல் அதைத் திறக்க முடியாது. பத்து முறை தவறாக அடித்தால் தானே எல்லாவற்றையும் அழித்துக்கொள்ளும். நான் பொறுப்பில் இருக்கும் பகுதியில் பழைய ஓட்டை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கே பனி இருக்கிறது. நான் கிண்டிய ந்ஷிமாக் களி இன்றும் கட்டி தட்டிப்போனது. நீ இருந்தால் சட்டியைப் பார்த்தே சிரித்திருப்பாய்.

மற்றபடி எழுத ஒன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
சோல்வே


பெண்கள் விசாரணைச் சிறை
மார்ச் 14

தம்பிக்கு,

மாத்திரை வருகிறது. கம்பளியும் வந்தது, கூடவே மூட்டைப்பூச்சியும் வந்தது. வக்கீல் வருகிறார், பெருமூச்சு விடுகிறார், போகிறார்.

சியாம்விசா அம்மா உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்தார். "உன் தம்பி நல்ல புள்ளதான். ஆனா கேட்டதுக்கு மட்டும் பதில் காணோம்" என்றார். நானும் அதையேதான் கேட்கிறேன். விருந்தாளி வந்தாரா, இல்லையா? ஒரு வரி எழுதப் பேனா தேய்ந்துவிடாது.

போன செவ்வாய் அந்த அதிகாரி மறுபடி வந்தார். நம்பர் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இனி உங்க நம்பர் வேணாம்மா. ஒரு சின்னப் பெட்டி இருக்கு. உங்க போன்ல செருகினா, நான் ஒரு பழைய பாட்டுப் பெட்டின்னு அதுகிட்ட சொல்லும். உங்க போனும் நம்பி வழிவிட்டுடும். கொஞ்ச நாள் ஆகும், அவ்ளோதான்."

நான் சிரித்தேன். அறைக்கு வந்தபின் சிரிப்பு நின்றுபோனது. பழைய பாட்டுப் பெட்டி என்றால் உன் இடம்தானே, தம்பி? அந்த வழி மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? மூடியிருக்கிறது என்று எழுது.

அக்கா


பிர்னோ
மார்ச் 30
(அனுப்பவில்லை)

அக்கா,

மூடவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே செப்டம்பர் மாத மின்னஞ்சல்களைத் தோண்டினேன். பதினேழாம் தேதி வந்திருக்கிறார் உன் விருந்தாளி. அனுப்பியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'ஒரு நண்பர்' என்று இருக்கிறது. இரண்டே வரித் திருத்தம். கீழே ஒரு வாக்கியம்: 'இந்த வழியை இங்கே பயன்படுத்துகிறார்கள். தயவுசெய்து சீக்கிரம்.'

திருத்தம் சரியானது. என்னால்கூட அவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்க முடியாது.

அந்தப் பழுது என்னுடையது. நம் சபைப் பாடகர் குழுவுக்கு எங்கிருந்தோ தானமாக வந்த சாம்பல்நிற ஒலிப்பெட்டியை நினைத்துப் பார். கணினியில் செருகினால் ஊமையாகக் கிடக்கும். கல்லூரி விடுமுறையில் மூன்று வாரம் உட்கார்ந்து அதைப் பேசவைத்தேன். அடுத்த ஓய்வுநாளில் முதலில் பாடியது நீதான். அந்த நிரலை, கைபேசிகளின் அடிப்படை நிரலைப் பராமரிக்கும் இவர்களுக்கு அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள், அதை வைத்துத்தான் எனக்கு இங்கே வேலையே கிடைத்தது.

அந்தப் பெட்டியைச் செருகியதும் அது தன் விவரம் சொல்லும். 'என்னிடம் இயங்குமுறை ஒன்று இருக்கிறது' என்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் நினைவகத்தில் இடம் ஒதுக்குவோம். பிறகு பெட்டி ஒருமுறை அணைந்து எழும். எழுந்ததும் மறுபடி கேட்போம். இரண்டாம் முறை அது 'பத்து' என்று சொன்னால், பத்து என்றே குறித்துக்கொள்வோம். இடமோ ஒன்றுக்குத்தான். மிச்ச ஒன்பதுக்கும் அடுத்தவருக்கு உரிய நினைவகத்தில் போய்க் கைவைப்போம். அங்கே என்ன இருக்க வேண்டும் என்று செருகுகிறவன் முன்னாலேயே ஏற்பாடு செய்துவிட்டால், அதன்பின் பூட்டு அவன் பேச்சைத்தான் கேட்கும். ஒரு பெட்டி இரண்டு முறையும் ஒரே எண்ணைத்தான் சொல்லும் என்று நம்பினேன். எனக்கு வயது இருபத்தொன்று. பொய் சொல்லும் பெட்டியை யாராவது செய்வார்கள் என்று தோன்றவே இல்லை.

இன்று அந்தப் பெட்டி யாரிடமும் இல்லை. என் வரிகள் மட்டும் உலகத்துக் கைபேசிகளில் எல்லாம் இருக்கின்றன.

அந்த நண்பருக்கு நான் அனுப்பிய பதிலும் இருக்கிறது. 'நன்றி. உண்மைப் பெயரில் கையொப்பம் இல்லாத திருத்தத்தை விதிப்படி ஏற்க இயலாது. பெயரோடு மீண்டும் அனுப்பவும்.' உட்கார்ந்து அடித்ததுகூட இல்லை. அந்தப் பதிலை ஒரு விசையில் வைத்திருக்கிறேன், வாரத்துக்குப் பத்துப் பேருக்குப் போகும். கையொப்பம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம், பிறகுதான் நிரலை வாசிப்போம். இங்கே எல்லோருக்கும் பழக்கம் அதுதான். அவருடைய இரண்டு வரியை நான் வாசிக்கவே இல்லை, அக்கா. வாசித்திருந்தால் அரைமணியில் என் பெயரிலேயே சரிசெய்திருப்பேன். உன் கைபேசி மாதாமாதம் புதுப்பித்துக்கொள்ளும் ரகம். டிசம்பருக்குள் உன்னிடம் வந்திருக்கும்.

அவர்தான் நீ காப்பாற்றும் மனிதர், இல்லையா? இந்தக் கடிதத்தை சியாம்விசா அம்மா படிப்பார். அதனால் அனுப்ப முடியாது என்று சொல்லிக்கொள்கிறேன். அது மட்டும் காரணம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

சோல்வே


பிர்னோ
ஏப்ரல் 2

என் அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? மூட்டைப்பூச்சிக்கு வேப்பிலையை வெயிலில் காயவைத்துக் கம்பளிக்குள் போடு.

நீ கேட்ட வழியைச் சோதித்தேன். ஒரு சின்னப் பழுது இருந்தது. நேற்றே சரிசெய்து அனுப்பிவிட்டேன், மேலே ஏற்றுக்கொண்டார்கள். இனி புதுப்பித்துக்கொள்ளும் கைபேசிகளுக்கு எல்லாம் அது போய்ச் சேரும். அவர்கள் மேசையில் அணைந்து கிடக்கும் கைபேசிக்குப் போகாது. இருந்தாலும் அந்த வழியில் நுழைவது லேசுப்பட்ட வேலை அல்ல. அவர்களால் முடியாமல் போகலாம்.

விருந்தாளி பற்றிக் கேட்டிருந்தாய். அப்படி யாரும் வரவில்லை.

உன் தம்பி,
சோல்வே


பெண்கள் விசாரணைச் சிறை
மே 11

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீ நலமாக இரு.

யாரும் வரவில்லை என்று எழுதியிருந்தாய். இரண்டு முறை வாசித்தேன். சரி.

ஏப்ரல் 22 அன்று கைபேசி திறந்துவிட்டது. அதிகாரி நான் எழுதியதை எனக்கே வாசித்துக் காட்டினார், தேதி நேரத்தோடு. நிறுத்தி நிதானமாக வாசித்தார், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. முடித்துவிட்டு, "உங்க தம்பி செஞ்ச பூட்டாமே. பாட்டுப் பெட்டியச் செருகினோம், பாட்டே பாடிடுச்சு" என்றார். கூட வந்த இருவரும் சிரித்தார்கள்.

அந்த மனிதரை மறுநாளே பிடித்துவிட்டார்கள். எங்கே தெரியுமா, அந்த ஆய்வகத்திலேயே. என் கைபேசி கிடந்த மேசைக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து வேலை பார்த்தவர் அவர். அதைத் திறக்கும் பெட்டியில் ஒயர் மாட்டச் சொன்னதும் அவரைத்தானாம். ஒரு மாதம் இழுத்தடித்தாராம். ஒயர் சரியில்லை, மின்சாரம் சரியில்லை என்று. பிறகு வேறு ஆளை உட்கார வைத்தார்கள்.

சியாம்விசா அம்மா இன்று மபிசி தயிர் ஒரு குவளை கொண்டுவந்து வைத்தார். சட்டத்துக்கு விரோதம். "குடி. அழுதா தெம்பு வேணும்" என்றார். பிறகு உன் ஏப்ரல் கடிதத்தைக் காட்டி, "இந்தப் புள்ள எதையோ வாயில வச்சு முழுங்க முடியாம கெடக்கு" என்றார்.

சியாம்விசா அம்மாவுடைய கைபேசி பழையதாம், ஏழு வருஷம் ஆகிறதாம். உன் திருத்தம் அதற்கு வருமா என்று கேட்கிறார்.

முதிந்தா


பிர்னோ
ஜூன் 1

அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். சாப்பிடுகிறாயா?

சியாம்விசா அம்மாவிடம் சொல். அவர் கைபேசிக்கு அது வராது. ஏழு வருஷப் பழசுக்குச் செய்தவர்கள் திருத்தம் அனுப்புவதில்லை. நான் இங்கே சரிசெய்தது அங்கே நம் ஊரில் பாதிப் பேருக்கு என்றைக்குமே போய்ச் சேராது. புதிது வாங்குவதைத் தவிர வழியில்லை என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

நான் வருகிறேன். நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறேன். எண்ணைக் கேட்டு வாங்கித் திறக்கவில்லை, சன்னலை உடைத்துப் புகுந்தார்கள் என்று நான் சொன்னால் மறுக்க ஆளில்லை. வக்கீலைக் கேட்டுச் சொல். பிறகு இங்கே திரும்பி வருவதற்கு விசாவுக்குத் தேதி வாங்கிவிட்டேன்.

அந்த மனிதர் எப்படி இருக்கிறார்? அவரைப் பார்க்க யாரையாவது விடுகிறார்களா?

சோல்வே


பெண்கள் விசாரணைச் சிறை
ஜூலை 20

தம்பி,

வராதே. விமான நிலையத்திலேயே உன் மடிக்கணினியைப் பிடுங்கிக்கொண்டு, அடுத்த அறையில் உன்னையும் வைப்பார்கள். உன் சாட்சியை வக்கீல் எழுத்தில் கொடுத்துப் பார்த்தார். "இந்த யுஎஸ்பி புராணமெல்லாம் எனக்கு வேணாம். அதுல எழுதியிருந்தது நீங்க எழுதினதா, இல்லையா?" என்றார் நீதிபதி. நான் எழுதியதுதான் என்றேன். அவ்வளவுதான் விசாரணை.

நீ கேட்ட அந்த மனிதர் ஜூலை 3 அன்று போய்விட்டார். உள்ளே மலேரியா கண்டதாம். மலேரியாவில் விரல் நகம் போகுமா என்று அவர் மனைவி கேட்டிருக்கிறார். சவப்பெட்டியை மூடிவிட்டார்கள். அடக்கத்துக்கு வந்தவர்களைவிடப் வந்தவர்களைப் படம் எடுத்த போலீஸ்காரர்கள் அதிகமாம்.

எனக்கு இப்போது எழுத வரவில்லை. நீ சாப்பிடு.

முதிந்தா


பிர்னோ
ஆகஸ்ட் 8

அக்கா,

வந்தார். உன் விருந்தாளி செப்டம்பர் பதினேழு அன்று வந்தார். நான் பெயர் கேட்டு வாசலோடு அனுப்பிவிட்டேன்.

மார்ச்சிலேயே எழுதி வைத்த கடிதம் ஒன்று இத்துடன் இருக்கிறது. அதில் எல்லாம் இருக்கிறது. அனுப்பாமல் வைத்திருந்தேன். வரவில்லை என்று உனக்குப் பொய் எழுதினேன். ஏப்ரலில் அவருடைய அதே இரண்டு வரியை என் பெயரில் போட்டு, சொன்னவர் என்ற இடத்தில் 'பெயர் தெரியாதவர்' என்று எழுதினேன். நல்ல திருத்தம் என்று இங்கே தோளில் தட்டினார்கள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அவர் பெயரை மட்டும் சொல்.

சோல்வே


பெண்கள் சிறை
அக்டோபர் 19

என் தம்பி சோல்வேக்கு,

உன்னைக் காக்கவைத்துவிட்டேன். இடையில் தீர்ப்பு வந்தது, ஆறு வருஷம். வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். சியாம்விசா அம்மா இங்கே இல்லை, வேறு ஒருவர் படிக்கிறார், எதுவும் பேசமாட்டார். பல் ஒன்று விழுந்துவிட்டது. மற்றபடி நலம்.

நீ எழுதியது எனக்குப் புதிதில்லை. அந்த செப்டம்பர் பதினேழு மாலையே அவர் எனக்குச் சொல்லிவிட்டார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வறுத்த சோளம் தின்றபடி சிரித்தார். "உங்க தம்பி ரொம்பக் கண்டிப்பான ஆளு. பேரு இல்லாம உள்ள விடமாட்டாராம்."

மறுநாளும் அவரே வந்தார். "பேரப் போட்டே அனுப்பிடறேன். வர்றது வரட்டும். சங்கத்துக்காரங்க போனு பதினாலு இன்னும் மேசையில கெடக்கு" என்றார்.

நான்தான் தடுத்தேன். "பேரு போடாதீங்க. தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன். நான் சொன்னா கேப்பான்" என்றேன்.

ஒரு அழைப்பு. இரண்டு நிமிஷ வேலை. அந்த மாதத்தில் உன்னோடு நாலு முறை பேசினேன். உன் சளி, என் புது வீட்டுச் சாவி, யாருடைய கல்யாணமோ, எல்லாம் பேசினேன். அதை மட்டும் பேசவில்லை. வழி அடைபட்டால் அவர்கள் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள், என் கட்டுரைக்குச் சாட்சி போய்விடும். கட்டுரை வெளிவரட்டும், அப்புறம் அடைக்கலாம் என்று இருந்தேன். அவரிடம் 'தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான்' என்று சொல்லி வைத்தேன். என்னை நம்பினார். டிசம்பரில் கட்டுரை வந்தது. ஊரே பாராட்டியது. பாராட்டில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜனவரியில் ஆள் வந்துவிட்டார்கள்.

முதல் கடிதத்திலேயே விருந்தாளியைப் பற்றி உன்னைக் கேட்டேனே, அது உன்னைச் சோதிக்க இல்லை. நான் சொல்லாமலே நீ அடைத்திருப்பாயோ என்ற நப்பாசை. யாரும் வரவில்லை என்று நீ பொய் எழுதியதும் எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. ஒரு நிம்மதி வந்தது. இவனும் மறைக்கிறான், நான் மட்டும் இல்லை என்ற நிம்மதி. இவ்வளவு கேடுகெட்டவள் உன் அக்கா. அதைத் தெரிந்துகொண்டு உன் பாரத்தில் பாதியை இறக்கி வை. மீதிப் பாதியை என்னால் எடுக்க முடியாது.

இனி மறைத்துக் காப்பாற்ற ஆள் இல்லை. நீ கேட்ட பெயர் மைன்சா ஹிமூண்டே. அவர் மனைவி படிக்கத் தெரிந்தவர். எங்கேயாவது அந்தப் பெயரை எழுது, அவர் பார்க்கட்டும்.

முதிந்தா


பிர்னோ
நவம்பர் 23

என் அக்காவுக்கு,

பல் வலி நின்றதா? இங்கே மறுபடி பனி தொடங்கிவிட்டது. தொப்பி போட்டுக்கொண்டுதான் போகிறேன்.

உன் கடிதத்தைப் படித்தேன். பாரம் குறையவில்லை. உன்மேல் கோபமும் வரவில்லை. என்ன வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அன்றைக்கே மேலே எழுதினேன். ஏப்ரல் திருத்தம் என்னுடையது அல்ல, மைன்சா ஹிமூண்டே எழுதியது, என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போடுங்கள் என்று கேட்டேன். காரணமும் எழுதவில்லை, அவர் இறந்ததையும் எழுதவில்லை. நான்கு வரிக்குமேல் எழுத முடியவில்லை.

பதில் வந்தது. எழுதியவர் நல்ல மனிதர், என்னை இந்த வேலைக்கு எடுத்தவரே அவர்தான். ஒருமுறை ஏட்டில் ஏறியதை மாற்ற முடியாதாம். அது எனக்கும் தெரியும், புதியவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற விதி. வேண்டுமானால் புதிதாக ஒரு குறிப்புச் சேர்க்கலாமாம். ஆனால் ஒருவருக்காக இன்னொருவர் கையொப்பமிடக் கூடாது. ஆகவே ஹிமூண்டேயை எங்களுக்கு நேரடியாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், உடனே சேர்த்துவிடுகிறோம் என்று எழுதியிருக்கிறார்.

உன் தம்பி,
சோல்வே